ஒப்புதலுக்கு முன்னால் எடுத்த 11 பேட்டிகள்

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு ஒப்புதல் தருவது நெறிமுறைக் குழு. கலைப் பிரிவில் ஆய்வு செய்பவளுக்கு அது எதற்கு என்று நினைத்தேன். ஊசி போடப் போவதில்லை, ரத்தம் எடுக்கப் போவதில்லை, உட்கார்ந்து பேசத்தானே போகிறோம். அந்த நினைப்பிலேயே பொங்கல் முடிந்த கையோடு கிளம்பி, மார்ச் கடைசிக்குள் 11 காசநோயாளிகளிடம் பேசி, ஒலிப்பதிவும் செய்துவிட்டேன். ஏப்ரலில் ஒரு கருத்தரங்கிற்குச் சுருக்கம் அனுப்பியபோது, "நெறிமுறை ஒப்புதல் எண்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுத என்னிடம் எதுவும் இல்லை. அன்றைக்குத்தான் விசாரித்தேன். ஒப்புதலுக்கு முன்னால் எடுத்த பேட்டிகளுக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் தரமாட்டார்கள் என்று தெரிந்தது. 11 பேட்டி, பேருந்துக்கும் தட்டச்சுக்கும் போன ₹25,000 சொச்சம், மூன்று மாதம், எல்லாம் போச்சு. அதன்பின் ஒப்புதல் கைக்கு வர நவம்பர் ஆனது. யாராவது ஒருத்தர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் இந்தப் பத்து மாதம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் செய்வது மருத்துவ மானுடவியல் என்று சொல்லப்படும் வேலை. சளியில் கிருமி இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். அந்த ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் அன்று ராத்திரி எங்கே படுத்தார், யாரிடம் சொன்னார், யாரிடம் மறைத்தார் என்று பார்ப்பது எங்கள் பக்கம். சமூகவியல், வரலாறு, இலக்கியம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். கோட்பாடு சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். எந்த அலுவலகத்தில் எந்த மனுவை முதலில் கொடுப்பது என்று சொல்லத்தான் ஆளில்லை.

விதியிலிருந்தே தொடங்குகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதலில், உடல்நலம் பற்றிய சமூக அறிவியல் ஆய்வுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. பேச்சு மட்டும்தான் என்றாலும் நோயாளியிடம் பேசினால் அது அந்த வரம்புக்குள் வரும். குழுவில் 7 முதல் 15 பேர் வரை இருப்பார்கள், கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது 5 பேர் வேண்டும். அதற்குக் குறைந்தால் கூட்டம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். எனக்கு இரண்டு முறை போனது. மனுவை மூன்று வகையாகப் பிரிப்பார்கள்: விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக்குழுப் பரிசீலனை. நம்முடையது பேட்டிதானே, விலக்கு கிடைத்துவிடும் என்று எண்ணி மனுவை இரண்டு பக்கத்தில் முடித்தேன். சமூகத்தில் ஒதுக்கிவைக்கப்படுகிற நோய், அரசு ஆஸ்பத்திரியை நம்பியிருக்கிற ஏழைகள் என்ற இரண்டு காரணத்துக்காக அதை முழுக்குழுவுக்கு அனுப்பினார்கள். முதலிலேயே முழுக்குழுவுக்கு என்று எழுதியிருந்தால் ஒரு சுற்று மிச்சம்.

மனு மூன்று முறை திரும்பி வந்தது. முதல் முறை, மருத்துவமனையின் அனுமதிக் கடிதம் இல்லை என்று. மருத்துவமனைக்குப் போனால், "மொதல்ல எத்திக்ஸ் வாங்கிட்டு வாம்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார்கள். அவர்கள் கேட்பது இவர்களிடம், இவர்கள் கேட்பது அவர்களிடம். ஆறு வாரம் இப்படியே அலைந்தேன். இதற்கு வழி இருக்கிறது. "நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டு அனுமதிக்கலாம்" என்று ஒரே வரியில் நிபந்தனைக் கடிதம் கேளுங்கள். வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோனால் கையெழுத்துப் போட அவர்களுக்கும் தயக்கம் இருக்காது. யாரிடம் கேட்பது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் பொது சுகாதாரத் துறை. தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை என்றால் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம். இரண்டும் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம். காசநோய் என்றால் இதற்கு மேலே மாவட்டத்தில் துணை இயக்குநர் (காசநோய்) ஒருவர் இருப்பார், அவரைப் பார்க்காமல் எதுவும் நகராது. நான் தேனாம்பேட்டையில் கொடுக்க வேண்டியதைக் கீழ்ப்பாக்கத்தில் கொடுத்துவிட்டு 19 நாள் காத்திருந்தேன்.

இரண்டாம் முறை திரும்பியது ஒப்புதல் படிவத்தால், அதாவது நோயாளியிடம் சம்மதக் கையெழுத்து வாங்கும் தாளால். ஆங்கிலத்தில் எழுதி, அப்படியே தமிழாக்கி வைத்திருந்தேன். "இவ்வாய்வில் தாங்கள் தன்னார்வமாகப் பங்கேற்பதற்கு" என்று ஆரம்பிக்கும் அந்தப் படிவத்தை என் அம்மாவிடம் கொடுத்திருந்தால் அவரே திருப்பிக் கொடுத்திருப்பார். தமிழ்ப் படிவத்தை வேறொருவர் மறுபடி ஆங்கிலமாக்கி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று காட்டவேண்டும், அதையும் செய்யவில்லை. ஆனால் உண்மையான கோளாறு "ஆராய்ச்சி" என்ற சொல்லில் இருந்தது. முன்னோட்டமாக ஒருவரிடம் படித்துக் காட்டியபோது, "என் மேல எதுனா மருந்து போட்டுப் பாப்பீங்களா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் ஆராய்ச்சி என்றால் அவருக்கு அதுதான் பொருள். பிறகு, "உங்களுக்கு இந்த நோய் வந்ததுலேருந்து வீட்லயும் வேலையிலயும் என்ன நடந்துச்சுன்னு கேட்டு எழுதப் போறேன். மருந்து, ஊசி எதுவும் கிடையாது. பேச மாட்டேன்னு சொன்னாலும் உங்க மாத்திரை நிக்காது" என்று மாற்றினேன். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும்தான் பலருக்குத் தோள் இறங்கும். பேச ஒரு கையெழுத்து, ஒலிப்பதிவுக்குத் தனியாக ஒரு கையெழுத்து என்று பிரித்து வையுங்கள். பேச விருப்பம், பதிவு வேண்டாம் என்பவர்கள் நிறையப் பேர். கைநாட்டு என்றால் படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி பக்கத்து வீட்டுக்காரராக இருந்துவிட்டால் நோய் விஷயம் தெருவுக்கே தெரிந்துவிடும், அதனால் யாரைக் கூப்பிடுவது என்று நோயாளியிடமே கேளுங்கள்.

மூன்றாம் முறை கேட்டவை சின்னச் சின்ன விஷயங்கள். பேசும்போது ஒருவர் உடைந்து அழுதால் என்ன செய்வீர்கள்? டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐயும் அந்த மாவட்ட மனநலப் பிரிவு இயங்கும் நாட்களையும் எழுதிக் கொடுத்தேன். ஒலிக்கோப்பு எங்கே இருக்கும், யார் கேட்பார்கள்? கோப்பின் பெயரில் ஆள் பெயர் வராது, தேதியும் எண்ணும் மட்டும். எந்த எண் யார் என்பது ஒரு நோட்டில், நோட்டு வேறு வீட்டில் என்று எழுதினேன். பணம் கொடுப்பீர்களா? கூலி வேலை செய்பவர் அரை நாளை நமக்காக விட்டுவிட்டு வருகிறார், சும்மா அனுப்புவது நியாயமில்லை. ஆனால் பெரிய தொகை என்றால் அதற்காகவே தலையாட்டிவிடுவார். பேருந்துச் செலவுடன் ₹200 என்று வைத்தேன், ஒத்துக்கொண்டார்கள்.

இனி அந்த 11 பேர். ஒப்புதல் கிடைத்ததும் அவர்களிடம் திரும்பிப் போய், நடந்ததைச் சொல்லி, புதிதாகக் கையெழுத்து வாங்கி, மறுபடி முதலிலிருந்து பேசலாம் என்று குழு அனுமதித்தது. 8 பேர் சம்மதித்தார்கள். 2 பேர் பிழைப்புக்காக வேறு ஊர் போய்விட்டிருந்தார்கள். ஒரு அம்மா ஆகஸ்டில் இறந்துபோயிருந்தார். முதல் சுற்றில் ஆக நீளமாகப் பேசியவர் அவர்தான், 1 மணி 50 நிமிடம். அவர் சொன்னதை ஆய்வேட்டில் எழுத முடியாது, இங்கேயும் எழுத முடியாது. கோப்பை அழித்தேன். கணினியில் அழித்த பிறகு போனில் ஒன்று, தானாகவே மேலேறியிருந்த கூகுள் டிரைவில் ஒன்று, அதன் குப்பைத்தொட்டியில் ஒன்று என்று நான்கு இடத்தில் அழிக்க வேண்டியிருந்தது. நான்கு முறையும் கை நடுங்கியது. போனில் பதிவு செய்கிறீர்கள் என்றால் தானியங்கிச் சேமிப்பை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். விமானப் பயன்முறையும் போட்டுவிடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு சத்தமில்லாமல் நின்றுவிடும்.

பேட்டி விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்கொண்டு போவது அமெரிக்க மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளெய்ன்மன் 1970களின் கடைசியில் வகுத்த எட்டுக் கேள்விகளை. உங்கள் பிரச்சினைக்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள், எதனால் வந்தது, ஏன் அப்போது வந்தது, உங்களை என்ன செய்கிறது, எதை நினைத்து அதிகம் பயப்படுகிறீர்கள் என்று அந்த வரிசை போகும். கேள்விகள் நல்ல கேள்விகள், தமிழில் அப்படியே கேட்டால்தான் வேலைக்கு ஆகாது. "எதை நெனச்சு பயப்படுறீங்க?" என்றால் ஆண்கள் எல்லோருக்கும் ஒரே பதில்: "பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க." "ராத்திரி தூக்கம் வரலன்னா மனசுல என்ன ஓடும்?" என்று மாற்றியபின் பேச்சு வந்தது: கடைக்குட்டிக்குத் தொத்திவிடுமோ, வாங்கின கடன், பெண்ணுக்கு வரன் கேட்டு வருகிறவர்கள் காதில் விழுந்துவிடுமோ. "என்ன பேர் வெச்சிருக்கீங்க" என்பதும் அப்படித்தான். மாமியார் பக்கத்தில் இருந்தால் "நெஞ்சுச் சளி", தனியாக இருந்தால் "டி.பி.", அக்கம்பக்கத்துக்கு "ஆறு மாச மாத்திரை". மூன்றும் ஒரே ஆள் ஒரே நாளில் சொன்னவை. யார் பக்கத்தில் இருந்தபோது எந்தப் பெயர் வந்தது என்று குறித்து வையுங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. பெரியவர்கள் சிலர் சயரோகம், எலும்புருக்கி என்பார்கள், திருத்தப் போகாதீர்கள்.

"ஏன்" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். "ஏன் மாத்திரையை நிறுத்தினீங்க?" என்று கேட்ட உடனே எதிரில் இருப்பவர் காதில் நர்ஸ் குரல் கேட்கும். "இல்லீங்க, கரெக்டா போட்டுக்கறேன்" என்பார். அதற்குப் பதிலாக, "முந்தாநாள் எந்திரிச்சதுலேருந்து என்னென்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். 50 கிலோவுக்கு மேல் 65-க்குள் எடை இருந்தால் ஒரு நாளைக்கு நான்கு மாத்திரை, 35-லிருந்து 49 வரை மூன்று. அவற்றை ஒன்றாகக் காலையில் போடச் சொல்வார்கள். கட்டட வேலைக்கு ஐந்தரை மணி வண்டியைப் பிடிக்கிறவர் வெறும் வயிற்றில் நான்கைப் போட்டுக்கொண்டால் வழியெல்லாம் குமட்டும், அதனால் சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம் என்று வைப்பார், சாயங்காலம் சரக்கு அடித்துவிட்டால் அன்றைக்குப் போடமாட்டார். "ஏன்" என்று கேட்டிருந்தால் இது ஒன்றும் வந்திருக்காது. இன்னொருவர் முதல் வாரமே நிறுத்தியிருந்தார். அந்த நாளை நடந்தபடி சொல்லச் சொன்னபோது, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து ரத்தம் என்று பயந்துபோனது தெரிந்தது. ரிஃபாம்பிசின் மருந்தால் அப்படித்தான் போகும், ஆபத்தில்லை. மருந்து கொடுத்தவர் அதைச் சொல்லியிருக்கலாம், அவசரத்தில் இவர் காதில் ஏறாமலும் போயிருக்கலாம். இப்படி ஒன்று தெரிந்தால் ஆய்வு ஆய்வு என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்காதீர்கள், அவரையே கூட்டிக்கொண்டு போய், காசநோய்ச் சிகிச்சையை மேற்பார்க்கும் எஸ்.டி.எஸ்.ஸிடம் பேசவையுங்கள். மனுவிலேயே அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இடம் முக்கியம். முதல் சுற்றில் மருந்து கொடுக்கும் அறை ஓரத்திலேயே பேசினேன், பக்கத்தில் ஊழியர் இருந்தார். எல்லோரும் ஆஸ்பத்திரியைப் பாராட்டினார்கள். இரண்டாம் சுற்றில் வெளியே வேப்பமரத்தடி பெஞ்சுக்கு மாறினேன், அதே ஆட்கள் வேறு மாதிரிப் பேசினார்கள். திறந்த வெளி நமக்கும் நல்லது. சிகிச்சை ஆரம்பித்த முதல் இரண்டு வாரத்தில் இருப்பவரை மூடிய அறையில் சந்திக்க வேண்டாம், என்-95 போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டு வாசலில் முகக்கவசத்தோடு போய் நின்றால் தெருவே எட்டிப் பார்க்கும், அதனால் வீட்டுக்கு வரச்சொல்லி அவர்களாகக் கூப்பிட்டால் மட்டும் போங்கள். எனக்கு அந்த ஆண்டு முழுக்க ஒவ்வொரு இருமலுக்கும் சந்தேகம். இரண்டு முறை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அந்தப் பயத்தை நாட்குறிப்பில் எழுதி வைத்தது பிறகு ஆய்வேட்டில் ஒரு பக்கம் ஆனது.

எழுத்தாக்கத்தில்தான் இரண்டாவது பெரிய அடி. ஒரு மணி நேரப் பேச்சை முழுசாக எழுத எனக்கு எட்டு மணி நேரம் ஆனது, இருமல் அதிகம் இருந்தால் பத்து. அலுத்துப்போய், முதல் சுற்றில் சிலவற்றை டி.டி.பி. கடையில் பக்கத்துக்கு ₹25 என்று கொடுத்தேன். நோயாளியின் குரலை வெளியாள் காதில் போட்டது அடுத்த தப்பு, படிவத்தில் அதற்கு அனுமதியே கேட்கவில்லை. வந்த கோப்பில் "பயம்" என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. அவர் வானவில் எழுத்துருவில் அடித்திருந்தார். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கிலக் கிறுக்கல். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போட்டு யுனிகோடாக மாற்றலாம், மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், வரிவரியாகத் திருத்த வேண்டும். யாரிடம் கொடுத்தாலும் முதலில் ஒரு பக்கம் மட்டும் அடித்து வாங்கி, அதில் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். குரலைக் கேட்டுத் தானே எழுதும் செயலிகள் பற்றிக் கேட்பீர்கள். சென்னைத் தமிழும் வட்டார வழக்கும் வரும்போது குழப்பிவிடும், போதாக்குறைக்குப் பலவும் ஒலியை வேறு எங்கோ அனுப்பித்தான் எழுதுகின்றன. குழுவிடம் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

அதன்பின் குறியிடுவது, அதாவது பேட்டியில் வரும் பகுதிகளுக்குத் தலைப்புச் சீட்டு ஒட்டுவது. விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. டாகெட், குவால்கோடர் இரண்டும் இலவசம், யுனிகோடு தமிழை ஏற்கும். நான் பேட்டிகளை முதலில் ஆங்கிலமாக்கி, ஆங்கிலத்தில் சீட்டு ஒட்டினேன், நான்கு மாதம். "தனிமைப்படுத்தல்" என்ற பொருள் தரும் ஆங்கிலச் சீட்டின் கீழே 40-க்கும் மேல் இடங்கள் விழுந்தன. சமூகம் நோயாளியை ஒதுக்குகிறது என்று ஒரு அத்தியாயமே எழுதிவிட்டேன். பிறகு ஏதோ மேற்கோள் பார்க்கத் தமிழ் மூலத்தை எடுத்தபோது, "ஒதுக்கிட்டாங்க" என்பதையும் "ஒதுங்கிக்கிட்டேன்" என்பதையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் அடைத்திருப்பது தெரிந்தது. எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசி "ஒதுங்கிக்கிட்டேன்". ஒரு பாட்டி தன் எவர்சில்வர் டம்ளரில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தார், பேரன் தவறி எடுத்துவிடக் கூடாது என்று. காசநோய் காற்றில் பரவுவது, டம்ளரில் அல்ல. வீட்டில் யாரும் அவரைத் தனி டம்ளர் வைக்கச் சொல்லவும் இல்லை, மருமகளுக்கு அந்தக் கோடு எதற்கென்றே தெரியாது. இது ஒதுக்குதல் அல்ல, வேறு. அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழிலேயே சீட்டு ஒட்டினேன். "வெச்சிக்கிட்டேன்", "சொல்லிக்கல", "காட்டிக்கல" என்று பேச்சில் "க்கிட்டேன்", "க்கல" ஆகிவிடும் அந்தக் "கொள்"ளைத் தேடிப் போனால் போதும், நோயாளி தனக்குத்தானே செய்துகொண்டதெல்லாம் வரிசையாக வந்துவிடும். ஆங்கிலம் கடைசியில், மேற்கோளுக்கு மட்டும்.

ஆவணக் காப்பகம் பற்றிச் சுருக்கமாக. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் நெறியாளரின் கடிதத்தோடு போங்கள், ஆண்டுவாரி அட்டவணையைப் பார்த்து அரசாணை எண்ணை எழுதிக் கொடுத்தால்தான் கோப்புக் கட்டு வரும். துறைப் பெயர்கள் காலத்துக்குக் காலம் மாறும். 1910களின் சுகாதாரக் கோப்புகளை உள்ளாட்சி, நகராட்சித் துறைக் கட்டுகளில் தேடவேண்டும் என்று தெரியாமல் ஒன்பது நாள் வீணாக்கினேன். ஆனால் இந்த நோய்க்குச் சென்னையின் வரலாறு படித்தே ஆகவேண்டியது. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், இப்போது சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 193 நோயாளிகளைப் பிரித்து ஒரு பாதியை வீட்டிலும் மறு பாதியைச் சானடோரியம் என்ற, தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனையிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தது. நல்ல சாப்பாடும் ஓய்வும் சானடோரியத்தில்தான், ஆனாலும் நெருக்கடியான வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டார்க்குத் தொற்றும் கூடவில்லை. 1959-இல் முடிவு வெளியானது. நோயாளியை ஊருக்கு வெளியே அனுப்ப வேண்டியதில்லை என்று உலகத்துக்குச் சொன்னது இந்த ஊர்தான். அதற்கு அறுபது வருடம் கழித்தும் அதே மாநிலத்தில் ஒரு பாட்டி டம்ளரில் கோடு போடுகிறார். எண்ணிக்கை அட்டவணையில் இது வராது, நம்மைப் போன்றவர்கள் போய்க் கேட்டால்தான் வரும்.

கடைசியாகப் புனைபெயர். நானாகவே ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தேன். ஆய்வேடு முடிந்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டியபோது, அந்த டம்ளர் பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல நான் எங்கம்மா இருக்கேன்?" என்றார். கமலா என்று வருவது நீங்கள்தான் என்றேன். முகம் சுருங்கிப்போனது. கமலா அவருடைய நாத்தனார் பெயராம், பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. "வேற பேரே கெடைக்கலியா ஒனக்கு?" அவர் சொன்ன பெயரைப் போட்டு அச்சுக்குப் போகும் கட்டுரையில் மாற்றினேன், ஆய்வேட்டில் மாற்ற வழியில்லை. ஒப்புதல் படிவத்தின் கடைசி வரியில் "உங்களுக்கு என்ன பெயர் வைக்கட்டும்?" என்று ஒரு கோடு விட்டு வையுங்கள்.